மிளகுக் கொடி எந்த இராச்சியத்தால் செத்தது?

இது கொஞ்சம் நீண்ட பதிவு, நேரம் இருக்கும்போது வாசியுங்கள். சாதாரண தரம் எழுதப்போகும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர்கள் கட்டாயம் வாசியுங்கள். மிளகு நட்டிருப்பவர்கள் அதைவிடக் கட்டாயம்.

எங்கள் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்குமே ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் தயக்கத்தோடு தொடங்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. ‘அங்கிகளின் பாகுபாடு’. பாகுபாடு என்றால் நம்முடைய பேச்சில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஒரு மாதிரியும் இன்னொருவரை வேறு மாதிரியும் நடத்துவது. புத்தகத்தில் அதற்கு வகைப்படுத்தல் என்று அர்த்தம். அதோடு முடிந்தால் பரவாயில்லை. இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம் என்று ஏழு படியை வரிசையாகக் கரும்பலகையில் எழுத வேண்டும். வருணம், சாதி, இனம்! இந்த நாட்டில் மனிசரை மனிசர் பிரிக்கப் பாவித்த சொல்லெல்லாம் ஒரே பலகையில் வந்து நிற்கும். ‘சாதி’ என்று எழுதியதும் பின்வாங்கில் ஒரு சிரிப்பு வரும். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இராச்சியத்துக்கு உலகம் என்றும், சாதிக்குப் பேரினம் என்றும், இனத்துக்குச் சிற்றினம் என்றும் போடுகிறார்கள். அது எங்களுக்கு நல்லதாகத்தான் படுகிறது. ஆனால் விடைத்தாளில் ‘உலகம்’ என்று எழுதிவிட்டு வந்த பிள்ளைக்கு யார் புள்ளி வாங்கிக் கொடுப்பது?

சரி, விசயத்துக்கு வருவோம். போன வருடம் மழைக் காலத்தில் எங்கள் மாணவி ஒருவரின் வீட்டில் மிளகுக் கொடிகள் சாகத் தொடங்கின. அரை ஏக்கர் காணி, கிளிசிறிடியா மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகள். நேற்றுப் பச்சையாக நின்ற கொடி நாலைந்து நாளில் மஞ்சளாகும், இலை கொட்டும். அடியில் மண்ணோடு சேரும் இடம் கறுத்து அழுகி இருக்கும். பிள்ளையின் வாப்பா கடைக்குப் போய் விசயத்தைச் சொல்ல, “இது பங்கசு” என்று சொல்லி ஒரு மருந்தைக் கொடுத்திருக்கிறார்கள். விலை கூடின மருந்து. இரண்டு தரம் ஊற்றினார். பாதிக்கு மேல் கொடி போய்விட்டது.

பிள்ளை வகுப்பில் வந்து கேட்டதுதான் இந்தப் பதிவுக்குக் காரணம். “சேர், பங்கசு மருந்து ஊத்தியும் பங்கசு ஏன் சாகல்ல?”

அது பங்கசு இல்லை என்பதால்தான்.

மழைக்குப் பிறகு இப்படித் திடீரென்று மிளகை வாட்டுகிற கிருமிக்குப் பெயர் பைற்றோப்தோரா. கிரேக்கச் சொல். தாவரத்தை அழிப்பது என்று பொருள். பார்வைக்கு அச்சொட்டாகப் பங்கசு மாதிரியே இருக்கும். நூல் நூலாகப் படரும், வித்தி விடும், பச்சையம் கிடையாது, இன்னொன்றின் உடம்பில் சாப்பிட்டு வாழும். நூறு வருடத்துக்கு மேலாக விஞ்ஞானிகளும் அதைப் பங்கசு என்றுதான் வைத்திருந்தார்கள். அது எப்படி உள்ளே வந்தது, எப்படி வெளியே போனது என்பது நம்முடைய ஊரோடு கொஞ்சம் தொடர்புள்ள கதை.

மைல்ஸ் ஜோசப் பேர்க்லி என்று ஓர் ஆங்கிலேயப் பாதிரியார். தேவாலயக் கடமை போக மீதி நேரமெல்லாம் காளான் ஆராய்ச்சி. 1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிப் பெரும் பஞ்சம் வந்தபோது, அழுகலால் பூஞ்சணம் வரவில்லை, பூஞ்சணத்தால்தான் அழுகல் வந்தது என்று 1846இல் எழுதியவர் அவர். அப்போது பலர் நம்பவில்லை. மழையைக் குறை சொன்னார்கள், குளிரைக் குறை சொன்னார்கள். அந்த உருளைக்கிழங்குக் கிருமிக்குத்தான் 1876இல் அன்ரன் டி பாரி என்ற ஜேர்மன் அறிஞர் பைற்றோப்தோரா என்று பெயர் வைத்தார். எங்கள் மாணவியின் மிளகைக் கொன்றது அதே சாதியைச் சேர்ந்த இன்னோர் இனம்.

இதற்கிடையில் 1869இல் இலங்கையில் கோப்பி இலையின் அடிப்பக்கத்தில் செம்மஞ்சள் தூள் படிய ஆரம்பித்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தின் பணிப்பாளராக இருந்த துவைற்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தது அதே பேர்க்லியின் மேசைக்கு! அவர் அதைப் புதிய பங்கசு என்று விவரித்துப் பெயரும் வைத்தார்: ஹெமிலெயா வஸ்ரட்ரிக்ஸ். பிறகு நடந்தது நம் எல்லாருக்கும் தெரியும். 1878 அளவில் 275,000 ஏக்கர் வரை இருந்த கோப்பி, பத்துப் பதினைந்து வருடத்தில் ஒன்றுமில்லாமல் போனது. தேயிலை வந்தது. களனிப் பள்ளத்தாக்கில், எங்கள் பக்கத்தில், இறப்பர் வந்தது. 1876இல் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்ட கன்றுகளின் வாரிசுகள்தான் இன்று யட்டியாந்தோட்டைப் பாதையின் இரண்டு பக்கமும் நிற்பவை. எங்கள் வகுப்பில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் முன்னோர் கடல் தாண்டி வந்ததும், வந்தவர்கள் கோப்பியில் இருந்து தேயிலைக்கும் இறப்பருக்கும் மாறியதும் இந்தக் கதையின் உள்ளேதான். ஓர் இலையின் அடிப்பக்கத்துத் தூளுக்கு இவ்வளவு பலம்.

பேர்க்லி இரண்டையும் பங்கசு என்றார். இரண்டில் ஒன்றுதான் இன்றைக்குப் பங்கசு. கோப்பித் துரு பங்கசு இராச்சியத்தில் இருக்கிறது, காளானுக்குத் தூரத்து உறவு. உருளைக்கிழங்கு அழுகல் வெளியே போய்விட்டது.

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் காலத்தில் பங்கசுக்கே தனி இராச்சியம் கிடையாது. 1735இல் லின்னேயஸ் உயிருள்ளவற்றுக்கு இரண்டே பெட்டி வைத்தார், தாவரம், விலங்கு. நடக்காது, ஓடாது, ஆகவே காளான் தாவரம். 1866இல் ஹெக்கல் மூன்றாவதாகப் புரொட்டிஸ்டா என்ற பெட்டியைக் கொண்டுவந்தார். 1938இல் கோப்லண்ட் நாலாக்கினார். 1969இல்தான் விற்றேக்கர் ஐந்து இராச்சியம் என்று பிரித்துப் பங்கசுக்குத் தனி வீடு கொடுத்தார். கோப்பித் துரு வந்து சரியாக நூறாவது வருடம். ஆனால் அவரும் பைற்றோப்தோராவின் கூட்டத்தைப் பங்கசு வீட்டில்தான் குடிவைத்தார். எங்கள் வயதுக்காரர்கள் மனப்பாடம் செய்தது இந்த ஐந்தைத்தான்: மொனேரா, புரொட்டிஸ்டா, பங்கசு, தாவரம், விலங்கு. சில வகுப்புகளில் பழைய ரியூட்டை இன்றும் போட்டோக்கொப்பி அடித்துக் கொடுக்கிறார்கள். பெற்றோர் கவனிக்கவும்.

1977இல் அமெரிக்காவில் கார்ள் வூஸ் உருவத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எல்லா உயிர்க் கலத்திலும் இருக்கிற றைபோசோமின் ஆர்.என்.ஏயை ஒப்பிட்டுப் பார்த்தார். பற்றீரியா என்று நினைத்த சில, பற்றீரியாவில் இருந்து வெகுதூரம் விலகி நின்றன. 1990இல் மூன்று பேரிராச்சியம் வந்தது: ஆக்கியா, பற்றீரியா, இயூக்கரியா. இப்போது பிள்ளைகள் படிப்பது அது. இயூக்கரியாவுக்குள் புரொட்டிஸ்டா, பங்கசு, தாவரம், விலங்கு என்று நாலு இராச்சியம்.

இதே மாதிரி உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் பைற்றோப்தோராவின் வேசம் கலைந்தது. பங்கசின் கலச்சுவரில் கைற்றின் இருக்கும். நண்டு ஓட்டிலும் இறால் தோலிலும் இருக்கிற அதே பொருள். பைற்றோப்தோராவின் சுவரில் செலுலோசும் அதைப் போன்ற வேறு குளுக்கான்களும்தான் முக்கியம். காளானோ கோப்பித் துருவோ நீந்துவதில்லை. இதன் இயங்குவித்திக்கு இரண்டு சவுக்குமுளை, தண்ணீரில் நீந்தியே அடுத்த வேருக்குப் போகும். பரம்பரையைத் தேடிப் போனால் உறவு காளானோடு இல்லை, கடலில் இருக்கிற கபில அல்காக்களோடும் தயற்றங்களோடும். பேருவளைக்குப் போகும்போது கல்லில் ஒட்டியும் கரையில் ஒதுங்கியும் கிடக்கும் கபிலப் பாசியைப் பார்த்திருப்பீர்களே, அந்தக் கூட்டம். 1980களில் கவலியர்-சிமித் என்பவர் இவர்களுக்கென்றே குரோமிஸ்டா என்ற இராச்சியத்தை அமைத்தார். எங்கள் நாலு இராச்சியக் கணக்கில் அது புரொட்டிஸ்டாவுக்குள் போகும். உண்மையைச் சொன்னால் புரொட்டிஸ்டா என்பது வேறு எங்கும் வைக்க முடியாததைப் போட்டு வைக்கிற அலுமாரி. எங்கள் அபிப்பிராயம் அது, பரீட்சையில் எழுதிவிடாதீர்கள்.

இப்போது கடைக்காரர் கொடுத்த மருந்துக்கு வருவோம். பங்கசுக்குக் கொடுக்கிற ஊடுபரவும் மருந்துகளில் ஒரு பெரிய பகுதி, பங்கசு தன் கல மென்சவ்வுக்கு எர்கோஸ்ரெரோல் என்ற பொருளைத் தயாரிப்பதைத் தடுத்துத்தான் கொல்லும். பைற்றோப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை. பூட்டே இல்லாத கதவுக்குத் திறப்பு வாங்கின கதை. காபென்டசிம் வகை மருந்து வேறு இடத்தில் அடிக்கிறது, அதற்கும் இது அசையாது. மெற்றலக்சில் என்ற மருந்து வேலை செய்யும், அது இந்தக் கூட்டத்துக்கென்றே 1977இல் வந்தது (வூஸ் கட்டுரை வந்த அதே வருடம், தற்செயல்தான்). மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பழைய போர்டோக் கலவைக்கு இராச்சியப் பேதம் தெரியாது, செம்பு இரண்டையும் தாக்கும். 1880களில் பிரான்சின் திராட்சைத் தோட்டத்தில் அது பெயர் வாங்கியதே பைற்றோப்தோராவின் உறவுக்காரன் ஒன்றை அடக்கித்தான். ஆக, விலை கூடின மருந்து தோற்ற இடத்தில் விலை குறைந்தது உதவியிருக்கலாம். நோய் வருவதற்கு முன் அடித்திருந்தால்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் மட்டும் போதாது என்று பட்டது. செத்த கொடியின் வேர்ப்பக்க மண்ணைக் கொண்டுவரச் சொன்னோம். அகலமான பாத்திரத்தில் மண், மேலே தண்ணீர், தண்ணீரில் மிதக்கவிட்ட நல்ல மிளகு இலைத் துண்டுகள். மண்ணில் இருப்பது நீந்தி வந்து இலையைப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் இலை ஓரத்தில் கறுப்பு விழுந்தது. அந்தத் துண்டைக் கழுவி, சுத்தமான தண்ணீரில் போட்டு, ஒரு போத்தலில் மூடிக் கொஞ்ச நேரம் குளிரில் வைக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. கென்டீன் ராத்தா தன்னுடைய பெட்டியில் ஐஸ்பக்கற்றுக்குப் பக்கத்தில் இடம் தந்தார். “இதால பிள்ளைகளுக்கு ஒண்டும் ஆகாதே சேர்?” என்று மூன்று தரம் கேட்டார். மிளகுக்கு மட்டும்தான் ஆகும் என்றோம்.

வெளியே எடுத்து வைத்துக் கொஞ்ச நேரத்தால் நுணுக்குக்காட்டியில் போட்டோம். முதலில் எலுமிச்சங்காய் மாதிரி சின்னச் சின்னப் பைகள். பிறகு ஒரு பை வெடித்தது. பார்த்துக்கொண்டிருந்தது மிளகு வீட்டுப் பிள்ளை இல்லை, அம்மா இறப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற இன்னொரு பிள்ளை. “சேர், ஓடுது! ஓடுது!” என்று கத்தினாள். சவுக்குமுளை எங்கள் நுணுக்குக்காட்டியில் தெரியாது. ஓட்டம் தெரிந்தது. முப்பத்தைந்து பிள்ளைகளும் பார்த்து முடிய இரண்டு பாடவேளை போய்விட்டது, அடுத்த பாட ஆசிரியர் கொஞ்சம் கோபம்.

ஓட்டத்தைப் பார்த்த பிள்ளைதான் அடுத்ததைச் சொன்னாள். மழை நாளில் வெட்டுப் பட்டையில் கறுப்புக் கோடு விழும், மரம் பால் தராது, அம்மா அந்த மரத்தை விட்டுவிட்டுப் போவார். “அதுவும் இதுவா சேர்?” ஆம். இறப்பரில் கறுப்புக் கோடு விழுத்துவதும், மழையில் பச்சை இலையை இலைக்காம்போடு கொட்டவைப்பதும், காயை அழுகவைப்பதும் பைற்றோப்தோரா இனங்கள். அதே மரத்தின் வேரைத் தின்கிற வெள்ளை வேர் நோய் அசல் பங்கசு, மரத்தடியில் செம்மஞ்சள் தட்டுக் காளானாக அது வெளியே தலைகாட்டும். ஒரே மரம், மேலே ஓர் இராச்சியம், கீழே இன்னோர் இராச்சியம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. மழையில் வெட்டு இல்லாத நாளுக்கும் பால் தராத மரத்துக்கும் கைக்காசில்தான் கணக்கு என்பதால் அந்த வீட்டில் இது பாடப்புத்தக விசயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.என்.ஏயும் புரதமும் ஒப்பிட்டதில், பங்கசுக்குத் தாவரத்தைவிட விலங்குதான் கிட்டின உறவு என்று 1993இல் தெளிவாகியது. காளான் கறி சமைக்கும்போது மரக்கறி என்று நினைக்கிறோம், உறவு முறையில் அது முருங்கைக்காயைவிட நமக்குக் கிட்ட! வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு பையன், “அப்ப அதையும் அறுத்துத்தான் திங்கோணுமா சேர்?” என்றான். இல்லையப்பா, மார்க்கத்தில் காளானுக்கு அறுப்புக் கிடையாது, பயப்படாமல் சாப்பிடு. ஆனால் இந்த உறவு வேடிக்கை மட்டுமில்லை. தோலில் வரும் படைக்கு மருந்து தேடுவது பற்றீரியாவுக்கு மருந்து தேடுவதைவிடக் கஷ்டமாக இருப்பதற்கு இதுவும் காரணம். கிட்டின உறவென்றால் அதைக் கொல்வது நம்மையும் கொஞ்சம் தொடும்.

பிள்ளைகள் எல்லாரும் கேட்பது, “இரண்டு, மூன்று, நாலு, ஐந்து என்கிறீர்களே, எதுதான் சரி?” 2015இல் ஒரு குழு ஏழு என்றது. பரீட்சைக்குப் புத்தகம்தான் சரி, அதில் தர்க்கம் வேண்டாம். மற்றபடி, எதைப் பார்த்துப் பிரிக்கிறோம் என்று முதலில் கேள் என்போம். தொல்காப்பியத்தின் மரபியலில் உயிர்களை அறிவின் எண்ணிக்கை வைத்து ஒன்றில் இருந்து ஆறு வரை அடுக்கியிருக்கிறது. அதே இடத்தில் வெளிப்பக்கம் வைரமானது புல், உள்பக்கம் வைரமானது மரம் என்றும் இருக்கிறது. அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் கமுகும் புல். பலாவும் இறப்பரும் மரம். கோடாலி பிடித்தவன் கண்டுபிடித்த பாகுபாடு என்று நினைக்கிறோம். இன்றைக்கு ஒருவித்திலை, இருவித்திலை என்று பிரிக்கும்போதும் தென்னை புல்லின் பக்கம்தான் போகிறது.

கடைசியாக, நாங்கள் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று. அந்தத் தோட்டத்துப் பிள்ளைதான். “சேர், பங்கசில இருந்து தூக்கிப் போட்டது அதுக்குத் தெரியுமா?”

தெரியாது. அது பழையபடி நீந்திக்கொண்டிருக்கிறது. மனிசருக்குத் தெரியும். 1911 சனத்தொகைக் கணக்கெடுப்பில்தான் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று முதன்முதலாக இரண்டு நிரலாகப் பிரித்தார்கள், சோனகரையும் அப்படியே இலங்கை, இந்தியா என்று பிரித்தார்கள். எண்ணுவதற்காகப் போட்ட கோடு. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது இந்தக் கோட்டின் அந்தப் பக்கம் நின்றவர்கள் பெரும்பாலும் நாடற்றவர்களானார்கள். 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மம்மாவின் தங்கை குடும்பம் அப்படிக் கப்பலேறியதாம், வீட்டில் இன்றும் பேச்சு இருக்கிறது. பாடசாலை அனுமதிப் படிவத்தில் ‘இனம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அது எங்கள் பாடத்து இனமா என்று பின்வாங்கில் இருந்து ஒருவன் கேட்டான். பாடத்து இனத்தை எழுதினால் முப்பத்தைந்து படிவத்திலும் ஒரே விடைதான் வரும் என்றோம். மணி அடித்துவிட்டது.

மிளகு வீட்டுக்காரர் இப்போது மறுபடி நட்டிருக்கிறார். இந்த முறை கொடி அடியில் தண்ணீர் நிற்காமல் காண் வெட்டி, செத்த கொடிகளை வேரோடு கிண்டி எரித்து, கீழே தொங்கும் கிளைகளை மண் படாமல் வெட்டி, மழைக்கு முன்பே செம்புக் கலவை அடித்திருக்கிறார். நீந்தி வருகிறவனுக்குத் தண்ணீரை மறிப்பதுதான் முதல் மருந்து. ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடம் காட்டியும் கேட்டிருக்கிறார். நீங்களும் கடைக்குப் போவதற்கு முன் அங்கே போங்கள். இறப்பர் என்றால் இறப்பர் அபிவிருத்தித் திணைக்களம்.

பாடசாலைக்கு மாதிரி கொண்டுவருகிறவர்கள் காய்ந்த இலையைக் கொண்டுவர வேண்டாம், அதில் ஒன்றும் பார்க்க முடியாது. வேர்ப்பக்கத்து ஈர மண் இரண்டு கைப்பிடி போதும். திங்கட்கிழமை காலையில் தந்தால் வியாழக்கிழமை பிள்ளைகள் பார்த்துச் சொல்வார்கள். கென்டீன் ராத்தாவுக்கு ஜஸாக்கல்லாஹு ஹைரன்.